பேரில்லாத மணி

யூஸ்டஸ் செய்த அலுமாரிகள் மட்டக்களப்புப் பட்டினத்தில் பாதி வீடுகளில் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் கதவாவது மாரிக்கு ஊதி இறுகியது என்றோ, கோடைக்குச் சுருங்கி இளித்தது என்றோ இதுவரை யாரும் சொன்னதில்லை. ‘பொருந்தவில்லை’ என்ற சொல்லை அவர் மற்றத் தச்சர்களின் வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் எடுப்பார். அப்படிப்பட்ட மனிதரை ஒரு சவர்க்காரப் பெட்டி மூன்று நாளாக அலைக்கழித்தது.

அவருடைய மனைவி ஹேசல் பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். எலும்பைப் பார்க்கப் போன டொக்டர்மார் நெஞ்சையும் பார்த்து, அதுவும் சரியில்லை என்று நாலு விதமான குளிசை கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் கட்டில்தான். யூஸ்டஸின் பட்டறையோ வளவின் பின்கோடியில், வாவிக் கரையோடு ஒட்டி இருந்தது. சீவுகிற மெசின் ஓடும்போது அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. ஹேசலின் குரல் குசினி வரைக்கும்கூட எட்டாது.

ஏறாவூரில் றேடியோவும் போனும் திருத்தும் இர்ஷாத் ஒரு வழி சொன்னான். பக்கற்றில் துண்டு துண்டாக வருகிற மணி ஒன்றை வாங்கி, தானே ஈயம் வைத்துப் பொருத்திக் கொடுத்தான். கட்டிலில் ஒரு பொத்தான், யூஸ்டஸின் சட்டைப் பையில் மணியின் சில்லுகள் பதித்த ஒரு போர்ட், இடையில் வயர் கிடையாது. பொத்தானை அமர்த்தியிருக்கும் வரைக்கும் போர்ட் சிணுங்கும்.

ஆனால் அந்தப் போர்ட் உடுப்பில்லாமல் இருந்தது. அடியில் நீட்டிய கம்பி முனைகள் நெஞ்சில் குத்தின. இடுக்கெல்லாம் மரத்தூள் புகுந்தது. யூஸ்டஸ் தேக்கில் ஒரு பெட்டி செய்தார். பார்க்க அழகான பெட்டிதான், ஆனால் சட்டைப் பைக்குள் போகவில்லை. கடைசியில் ஹேசல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இளநீலச் சவர்க்காரப் பெட்டி அவர் கண்ணில் பட்டது. இறுக்கமான மூடி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள், சத்தம் வெளியே வர அதுவே போதும். பற்றரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போர்ட் மட்டும் கால் அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது.

“விடுங்களேன் யூஸ்டஸ். நான் தகரப் பேணியில கரண்டியால தட்டுறன்,” என்றாள் ஹேசல்.

“மெசின் சத்தத்தில பேணி கேக்குமாகா?”

“அப்ப மெசின நிப்பாட்டுங்க.”

“மெசின நிப்பாட்டினா உன்ட பக்கத்திலதான் இருக்கோணும். நீ என்னப் பேசியே கலைச்சிருவாய்.”

“அதுவும் சரிதான்,” என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

யூஸ்டஸ் இர்ஷாத்துக்குப் போன் எடுத்தார். அவன் கடையில் சனம் நின்றது, அவசரமாகப் பேசினான்.

“இடப்பக்க விளிம்பில ஒண்டும் இல்ல அங்கிள். அதில கால் அங்குலம் வெட்டலாம். வலப்பக்கத்த மட்டும் தொட்டிராதீங்க.”

“விளங்குது. இடம் வெட்டுற, வலம் விடுற.”

“பாத்து வெட்டுங்க. மரமில்ல அது.”

மரமில்லை என்று சொன்னது யூஸ்டஸுக்குக் கொஞ்சம் சுட்டது. ஐம்பது வருசமாக வாள் பிடித்த கை. மதியம் இடியப்பமும் ஒட்டிமீன் சொதியும் ஹேசலுக்கு ஊட்டிவிட்டு, மெசினை நிறுத்தி, மேசையைத் துடைத்து உட்கார்ந்தார். உயரமாக நின்ற, சத்தம் போடும் ஊதியை ஈயம் இளக்கிக் கழற்றி, இரண்டு துண்டு வயரில் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் படுக்கவைத்தார். நிமிர்ந்து நின்ற உருளையைக் காலோடு வளைத்துச் சரித்தார். பிறகுதான் வெட்டு.

எந்தப் பலகையையும் முகம் மேலே தெரியப் போட்டு வெட்டுவதுதான் அவருடைய பழக்கம். முகம் என்பது நரம்பு நன்றாக ஓடுகிற, பார்க்க லட்சணமான பக்கம். கட்டியும் முட்டியுமாக இருப்பது முதுகு. போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் உருளையும் பூச்சி மாதிரிக் கறுப்புச் சில்லுகளுமாக முண்டுமுண்டாய் இருந்தது. மறுபக்கம் செம்புக் கோடுகள் வரிவரியாக ஓடின. இதுதான் முகம் என்று முடிவுசெய்து, செம்பை மேலே வைத்து இறுக்கினார். இடப்பக்க விளிம்பில் நாலைந்து ஈயப்பொட்டுகள் தெரிந்தன. வழிந்த பசையாக்கும் என்று நினைத்து, இரும்பறுக்கும் வாளால் நேராக வெட்டி, அரத்தால் ராவி, மூலைகளை உருட்டினார். போர்ட் சவர்க்காரப் பெட்டிக்குள் அளந்து செய்தது போல இறங்கியது.

ஹேசல் பொத்தானை அமர்த்தினாள். மணி அடிக்கவில்லை.

படம் எடுத்து அனுப்பினார். இர்ஷாத் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுத்தான் பேசினான்.

“அங்கிள், போர்ட்டக் கவிட்டு வச்சு வெட்டிருக்கீங்க. கவிட்டா இடம் வலமாப் போகுந்தானே. அந்த ஈயப்பொட்டுத்தான் மணிக்கு நான் வச்ச பேர். அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுற பொத்தானுக்குத்தான் மணி அடிக்கும். இப்ப பேரில்ல.”

“இப்ப என்ன செய்ற?”

“கொழும்பில இருந்து வேற போர்ட் வர ரெண்டு கிழம ஆகும். அதுவரைக்கும் பொத்தானில உள்ள ஈயத்தையும் சுரண்டிருங்க. பேரில்லாத பொத்தான் பேரில்லாத மணிய அடிக்கும். ஆனா ஒண்டு, வேற ஆரிட்டயும் பேர் வைக்காத பொத்தான் கிடந்தா அதுக்கும் உங்கட மணி அடிக்கும்.”

“எங்கட ஒழுங்கையில ஆரிட்ட இருக்கு இதெல்லாம்.”

சுரண்டினார். மணி அடித்தது. தான் பிழையாக வெட்டிய விசயத்தை யூஸ்டஸ் ஹேசலிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பின்னேரம் நாலு மணிக்குப் பையில் மணி அடித்தது. ஒரு சிறியது, இன்னொரு சிறியது, பிறகு ஒரு நீளம். யூஸ்டஸ் சீவுளியை வைத்துவிட்டு ஓடினார். ஹேசல் வாயைத் திறந்தபடி நித்திரையில் கிடந்தாள். பொத்தான் கட்டில் காலில் அடித்த ஆணியில், அவள் கை படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மணி இன்னொரு தரம் அடித்தது. ஒரு சிறியது, ஒரு சிறியது, ஒரு நீளம்.

கச்சான் காற்று வாவியைத் தடவிக்கொண்டு சன்னலுக்குள் வந்தது. நல்ல வெயில் நேரம். யூஸ்டஸ் பையைக் கையால் பொத்திப் பிடித்தார்.

ஹேசல் கண்ணைத் திறந்தாள். “மணி அடிச்சது, என்ன?”

“ஓம். நீ கனவில கைய ஆட்டியிருப்பாய்.”

“நான் அமத்தல்ல யூஸ்டஸ். அது ஜேமியிட மணி.”

ஜேமி அவர்களுடைய ஒரே மகன். கடல் ஊருக்குள் வந்த வருசம் டச்பார்க் கடற்கரையில் அகப்பட்டுப் போனான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. வேலை முடிந்து சைக்கிளில் ஒழுங்கைக்குள் திரும்பும்போது பெல்லைக் குறுக்கிக் குறுக்கி நீட்டி அடிப்பான். வேலை முடிகிற நேரம் நாலு. இதையெல்லாம் யூஸ்டஸுக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

மறுநாளும் நாலு மணிக்கு மணி அடித்தது. அதற்கு மறுநாளும் அடித்தது. இரண்டு முறை, சில நாள் மூன்று முறை, அதே தாளம். ஹேசல் மூன்று மணிக்கே தலை சீவிவிடச் சொல்லித் தங்கை பிறிசில்லாவைக் கேட்கத் தொடங்கினாள். இரண்டு வீடு தள்ளியிருந்த பிறிசில்லா அக்காவைப் பார்க்கத் தினமும் வருவாள். நாலாம் நாள் அவளும் மணியைக் காதால் கேட்டாள். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, யூஸ்டஸைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அத்தான், அக்கா குளிசை குடிக்கிறல்ல. தலகணிக்குக் கீழ பதினொண்டு கிடக்கு. கஞ்சியும் ரெண்டு கரண்டிக்கு மேல வேணாமாம்.”

“ஏனாம்?”

“மகன் வந்து கூப்பிடுறானாம். இனி என்னத்துக்குக் குளிசை எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?”

யூஸ்டஸ் சவர்க்காரப் பெட்டியைத் திறந்து வெட்டிய விளிம்பை விரலால் தடவினார். நல்ல நேரான வெட்டு. பெண்சாதி தன்னை விட்டுப் போவதற்கு ஆயத்தம் செய்கிறாள், அதற்குக் காரணம் இந்த வெட்டு. ஆனால் நாலு மணிக்கு அவள் முகத்தில் வருகிற வெளிச்சத்தையும் அவர் பார்த்திருந்தார். பதினெட்டு இருபது வருசமாகக் காணாத வெளிச்சம். அதை எடுத்துவிடவும் மனம் வரவில்லை. இப்படியே இன்னும் மூன்று நாள் போனது.

அதற்கு அடுத்த நாள் ஹேசலின் கால்கள் வீங்கி மினுங்கின. யூஸ்டஸ் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார்.

“ஹேசல், அது ஜேமி இல்ல.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் பலகையப் பிழையா வெட்டிப்போட்டன். கவிட்டு வச்சு வெட்டிட்டன். மணியிட பேர் போயிட்டு. வேற ஆரோ எங்கயோ இருந்து அமத்துறதுக்கு நம்மட மணி அடிக்குது.”

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“நீங்களா? பிழையா வெட்டினீங்களா?”

“ஓம்.”

“ஏன் சொல்லல்ல?”

“வெட்கமாக் கிடந்தது.”

ஹேசல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். ஆனால் அவள் திரும்பவும் பேசியபோது குரலில் அழுகை இல்லை.

“அப்ப ஆரு அது?”

“ஆரும் பிள்ளையள் விளையாடுறாங்களாக்கும்.”

“ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கா? பிள்ளையளுக்கு வேற விளையாட்டு இல்லையா? போய்ப் பாருங்க யூஸ்டஸ். ஆரோ கூப்பிடுறாங்க.”

அவர் போய்த்தான் பார்த்தார், இல்லை என்று சொல்ல முடியாது. ஒழுங்கையில் மூன்று வீட்டில் விசாரித்தார். இரண்டு வீட்டில் அப்படியொன்று இல்லை என்றார்கள். மூன்றாம் வீட்டில் தேத்தண்ணி கொடுத்துக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுத்தரச் சொன்னார்கள். அவ்வளவோடு வந்துவிட்டார். ஹேசல் இப்போது குளிசையைக் குடிக்கிறாளே, அவருக்கு அதற்கு மேல் வேறென்ன வேண்டும்.

செவ்வாய்க்கிழமை இர்ஷாத் புதுப் போர்ட்டோடு வருவதாக இருந்தது. அன்று காலை ஏழு மணிக்கே மணி அடிக்கத் தொடங்கியது. வழக்கமான நேரமுமில்லை, வழக்கமான தாளமுமில்லை. ஒரே நீளமாக அடித்தது. நிற்கும், மூச்சு வாங்குவது போலக் கொஞ்சம் இடைவெளி விடும், பிறகும் நீளமாக அடிக்கும். யூஸ்டஸ் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஹேசல் காதைப் பொத்தினாள்.

“என்ன இண்டைக்கு இப்பிடி?”

“பொத்தான் இறுகிட்டுப்போல. இந்தா, இண்டையோட சரி.”

சவர்க்காரப் பெட்டியைத் திறந்து பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்தார். வீடு அமைதியாகிவிட்டது. மிச்சப் பாணையும் தின்று முடித்தார்.

பத்து மணிக்கு இர்ஷாத் வந்தான். புதுப் போர்ட்டில் வெட்ட வேண்டிய பக்கத்தைத் தானே சிவப்புப் பேனையால் கோடு போட்டுக் காட்டினான். யூஸ்டஸ் அதைத் தலைகீழாக்காமல் வெட்டினார். இர்ஷாத் மணிக்கும் ஹேசலின் பொத்தானுக்கும் புதிதாகப் பேர் வைத்தான். பழைய போர்ட் ஆணிப் பேணிகளுக்குப் பக்கத்தில் சுவர்த் தட்டுக்குப் போனது.

“இப்பிடிப் பொத்தான் தெருவில ஒருத்தரிட்டயும் இல்லையா அங்கிள்?” என்று போகும்போது அவன் கேட்டான். “அப்ப ஆத்துக்கு அங்கால இருந்து வந்திரிக்கும். தண்ணிக்கு மேலால மறிக்க ஒண்டும் இல்லத்தானே, கனதூரம் போகும்.”

யூஸ்டஸ் கையை நெற்றியில் வைத்து வாவியின் எதிர்க்கரையைப் பார்த்தார். கண்டல் மரங்கள், இழுத்துப் போட்ட இரண்டு தோணி, தகரக் கூரை ஒன்று வெயிலில் மின்னியது. பெலத்துக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பாலத்தைச் சுற்றிப் போவதென்றால் சைக்கிளில் அரை மணித்தியாலம். இனி எதற்கு என்று உள்ளே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஹேசல் அமர்த்தினால்தான் மணி அடித்தது. நாலு மணி வெறும் நாலு மணியாக வந்து போனது. ஹேசல் குளிசையைக் குடித்தாள், சாப்பிட்டாள், கால் வீக்கமும் வற்றியது. தலை சீவச் சொல்லி மட்டும் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிறிசில்லா இறால் வாங்கிக்கொண்டு வந்தாள். இறாலோடு சேர்த்துக் கதையும் கொண்டுவந்தாள்.

“ஆத்துக்கு அங்கால ஒரு மனுசி செத்துக் கிடந்து நேத்துத்தான் கண்டெடுத்திருக்காங்க அக்கா. இலட்சுமிப்பிள்ளையாம் பேர். மகன் யோகராசா கட்டாரில வேல. தனிய இருந்த மனுசி.”

“ஐயோ. எத்தின நாளாம்?”

“ஆறேழு நாள் எண்டு டொக்டர் சொன்னாராம். செவ்வாய்க்கிழமை பாண்காரன் கேற்றில கொழுவின பாண் அப்பிடியே கிடந்ததாம். மறுகா ரெண்டு நாளும் கொழுவிட்டு, மனுசி எங்கயோ போயிட்டாவாக்கும் எண்டு அவன் விட்டிட்டான். பக்கத்து வீட்டுக் கண்ணகைதான் பாத்துக்கொள்ளுற. மகள்ற பிள்ளப்பேத்துக்கு எண்டு அவளும் மூண்டு கிழமையாப் பெரியகல்லாத்தில. நேத்து வந்துதான் கதவ உடைச்சிருக்காங்க.” பிறிசில்லா குரலைத் தணித்தாள். “மகன் ஒரு மணி பூட்டிக் குடுத்திருந்தானாம். பொத்தான் தாயிட்ட, மணி கண்ணகையிட வீட்டில. கண்ணகை ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுப்பாவாம். அவ ஊருக்குப் போனது மனுசிக்கு மறந்து மறந்து போகுமாம். செத்துக் கிடக்கக்க பொத்தான் கையிலதானாம். விரல விரிக்க ஏலாமப் போச்சாம்.”

இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த யூஸ்டஸின் கை நின்றது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. தேத்தண்ணியில் தோய்த்த பாண். பற்றரியைக் கழற்றிய தன் இரண்டு விரல்களையும் அவர் பார்த்தார். இறால் நீர் அதில் வடிந்தது.

பிறிசில்லா போனபிறகு ஹேசல் கேட்டாள்:

“அந்தப் பழைய போர்ட் எங்க?”

“தட்டில கிடக்கு.”

“பற்றரி போட்டு இஞ்ச கொண்டு வாங்க. சன்னலில வைங்க.”

“இனி என்னத்துக்கு ஹேசல்?”

“வைங்க.”

வைத்தார். நாலு மணிக்கு இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. யூஸ்டஸுக்குச் சோறு இறங்கவில்லை. மெசினை ஓடவிட்டுவிட்டு மரத்தைக் கொடுக்காமல் நின்றார். இரவல் வாங்கிய உயிரோடு நடமாடுவது போல இருந்தது. எதிர்க்கரையில் பறை கேட்டது, வெள்ளைக் கொடி தெரிந்தது. எட்டாம் நாள் சடங்குக்குக் கூடிய சனம் கலைந்து போவதையும் பட்டறையில் நின்றே பார்த்தார். போய் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தார். என்ன வார்த்தை என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

எட்டு முடிந்த மறுநாள், சரியாக நாலு மணிக்கு, சன்னலில் இருந்த போர்ட் அடித்தது. ஒரு சிறியது. ஒரு சிறியது. ஒரு நீளம்.

ஹேசலின் பொத்தான் ஆணியில் தொங்கியது. காற்றுகூட இல்லை, வாவி பாய் விரித்தது போலக் கிடந்தது.

“எலி கிலி பொத்தானில ஏறியிருக்கும்,” என்றார் யூஸ்டஸ்.

“அண்டைக்குப் பிள்ளையள் எண்டீங்க,” என்றாள் ஹேசல்.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். பிறிசில்லாவைக் கூப்பிட்டு அக்காவோடு இருக்கச் சொன்னார். பழைய போர்ட்டை அப்படியே பற்றரியோடு சட்டைப் பைக்குள் போட்டுச் சைக்கிளை எடுத்தார். கம்பி முனைகள் நெஞ்சில் குத்தின, அவர் சரிசெய்யவில்லை. பாலத்தில் பஸ்களுக்கு நடுவில் போகும்போது மணி ஓய்ந்துவிட்டது போல இருந்தது. மறுகரையில் இறங்கி வாவியோரமாகத் திரும்பியதும் திரும்பவும் அடிக்கத் தொடங்கியது. ஆட்கள் அவர் பையைப் பார்த்தார்கள். வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் காய்ந்துபோன செத்தவீட்டுத் தோரணம் இன்னும் தொங்கியது, கேற்றில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

யூஸ்டஸ் கேற்றைத் தொட்டார். மணி நின்றது.

“வந்திட்டனம்மா,” என்று பூட்டிய வீட்டைப் பார்த்துச் சொன்னார்.

பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அழுது அழுது வீங்கிய முகம். இவள்தான் கண்ணகையாக இருக்க வேண்டும்.

“ஆரத் தேடுறீங்க ஐயா? அங்க ஒருத்தரும் இல்ல. மகன் நேத்தே கட்டாருக்குப் போயிட்டார்.”

“மணி அடிச்சது,” என்றார் யூஸ்டஸ்.

“எந்த மணி?”

“இந்த அம்மாட மணி. ஆத்துக்கு அங்கால என்ட வீட்டில கேக்கும். இப்பவும் அடிச்சது.”

அவள் நனைந்த சட்டையைக் கையில் பிடித்தபடி வேலியோரமாக வந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எப்பிடி ஐயா அடிக்கும்? பொத்தான் உள்ள அவட படத்துக்கு முன்னால கிடக்கு. எனக்குப் பாக்க ஏலாமக் கிடந்திட்டு. மகனிட்டச் சொல்லி அண்டைக்கே பற்றரியக் கழட்டிப்போட்டன்.”

யூஸ்டஸ் கேற்றுச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஓம்,” என்றார். “நானும் கழட்டினன்.”